ஒரு முகம், ஒரு கேள்வி: பரிசோதனை உருவப்படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

ஒருவரின் அடையாளத்தை உருவப்படத்தில் தேடிப் பார்க்க மூன்று முறைகள் இங்கே விளக்கப்படுகின்றன. முகத்தின் மேல் ப்ரொஜெக்டரால் எழுத்தோ படமோ விழவைப்பது முதல் முறை. இருட்டறையில் ஒரே ஷட்டரில் (கேமரா ஒருமுறை திறந்து மூடுவதற்குள்) ஒருவரை இரண்டு நிலைகளில் பதிவது இரண்டாவது. இரண்டு முகங்களை டபுள் எக்ஸ்போஷரில், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே படத்தில், சேர்ப்பது மூன்றாவது. மூன்றுக்கும் சாதாரணக் கேமரா போதும். மேனுவல் வசதி (அளவுகளை நாமே வைக்கும் வசதி) உள்ள ஃபோன் இருந்தால் முதல் இரண்டையும் அதிலேயே செய்துவிடலாம்.

வரிசையை மாற்றாதீர்கள். ப்ரொஜெக்டரை வாங்கி வைத்துவிட்டு, 'யார் முகத்தில் எதைப் போடலாம்' என்று யோசிப்பவர்களின் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கேள்வி முதலில், ஆள் அடுத்து, கருவி கடைசியில்.

1. கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

"அடையாளம்" என்பது படமெடுக்க முடியாத அளவுக்குப் பெரிய சொல். அதை அந்த ஆள் சொல்லக்கூடிய ஒரு வாக்கியமாகச் சுருக்க வேண்டும். "வீட்டில் ஒரு பெயர், வேலை செய்யும் இடத்தில் இன்னொரு பெயர்." "கண்ணாடியைப் பார்த்தால் அம்மா முகம் தெரிகிறது." "தமிழ் பேசுவேன், எழுதத் தெரியாது." இந்த அளவு குறுகினால்தான் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது தெளிவாகும்.

வாக்கியம் கிடைத்தால் முறையும் அதிலிருந்தே கிடைத்துவிடும். ஒருவருக்குள் இரண்டு நிலைகள் இருந்தால் நீண்ட ஷட்டர். இரண்டு ஆட்களுக்கு இடையிலான உறவு என்றால் டபுள் எக்ஸ்போஷர். மொழி, ஊர், ஆவணம், கையெழுத்து என்று வெளியிலிருந்து ஒருவர் மேல் வந்து படிந்தவை என்றால் ப்ரொஜெக்டர்.

ஒரு படத்துக்கு ஒரு முறை மட்டும். ப்ரொஜெக்டரும் டபுள் எக்ஸ்போஷரும் சேர்ந்தால் பார்ப்பவர் உத்தியைப் பிரித்துப் பார்ப்பதிலேயே நின்றுவிடுவார், ஆள் காணாமல் போவார்.

2. கேமராவை எடுக்காத ஒரு சந்திப்பு

படமெடுக்கும் நாளுக்கு முன்பாக ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசுங்கள். அந்த வாக்கியம் உங்களுடையதாக இருக்கக்கூடாது, அவர் வாயிலிருந்து வர வேண்டும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் வேலை, படிப்பு, ஊர் என்று விண்ணப்பப் படிவம் நிரப்புவதுபோல் பதில் வரும். "உங்களை யார் எந்தப் பெயரால் கூப்பிடுவார்கள்?", "எந்தப் பழைய போட்டோவில் உங்களை உங்களுக்கே பிடிக்காது?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் பதில்கள் தானாக நீளும்.

ஒப்புதலையும் அன்றே பேசி எழுதி வாங்கிவிடுங்கள். 'சரி' என்று ஒரு வார்த்தை போதாது. பிரிண்ட் எடுத்து வைப்பது, கண்காட்சியில் காட்டுவது, இணையத்தில் போடுவது, விற்பது ஆகிய நான்குக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். இணையம் வேண்டாம் என்பவர் கண்காட்சிக்குச் சம்மதிக்கலாம். பாலினம், சாதி, மதம், நோய் போன்றவை படத்தில் வெளிப்படும் என்றால், வீட்டுக்குத் தெரியுமா, தெரிந்தால் என்ன ஆகும் என்பதையும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் கையெழுத்தோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

ஆவணங்களையோ குடும்பப் படங்களையோ பயன்படுத்துவதாக இருந்தால் அவற்றை அன்றைக்கே வாங்கி ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ஆதார் எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றைக் கணினிக்குள் வந்தவுடனேயே அழித்துவிடுங்கள். முகத்தில் மங்கலாகத் தெரிந்தாலும் பெரிய பிரிண்டில் எண்ணைப் படித்துவிட முடியும்.

3. தேவையானவை

கேமரா ஒன்று, ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) பதியும் வசதியோடு. ஏ.பி.எஸ்.-சி சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) என்றால் 50 மி.மீ. லென்ஸ் போதும். ஃபுல் ஃபிரேம் என்றால் 85 மி.மீ. கேமராவோடு வரும் கிட் லென்ஸ்தான் இருக்கிறதென்றால் 50 மி.மீ. பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அகலமான முனையில் கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகி, அவருக்கே தன் முகம் அந்நியமாகிவிடும்.

அசையாத ட்ரைபாட், கேமராவைத் தொடாமல் படமெடுக்க கேபிள் ரிலீஸ் (இல்லாவிட்டால் 2 விநாடி டைமர்). பின்னணிக்குக் கருப்புத் துணி, குறைந்தது 2 மீட்டர் அகலம். பளபளப்பில்லாத காட்டன் அல்லது வெல்வெட்டாக இருக்கட்டும், சாட்டின் வேண்டாம், அது ஒளியைத் திருப்பி அடிக்கும். ஒரு எல்.ஈ.டி. டார்ச், பட்டர் பேப்பர், வெள்ளைத் தெர்மாகோல் பலகை, மாஸ்கிங் டேப், முதுகு சாயும் நாற்காலி. ப்ரொஜெக்டர் வாடகைக்குக் கிடைத்தாலே போதும்.

அறை முழுக்க இருட்டாக வேண்டும். ஜன்னல் இடுக்குகளை மூடுங்கள், ரவுட்டர், ஏ.சி. ஆகியவற்றின் சிறு விளக்குகளையும் டேப் ஒட்டி மறையுங்கள். 6 விநாடி ஷட்டரில் அந்தச் சிறு விளக்கு படத்தில் ஒரு நட்சத்திரமாக வந்து நிற்கும். பகலில் இருட்டடிக்க முடியாத வீடு என்றால் இரவு ஏழு மணிக்கு மேல் தொடங்குங்கள்.

4. முதலில் ஒரு சாதாரணப் படம்

எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் வெறும் உருவப்படம் ஒன்று எடுங்கள். ஜன்னல் ஒளி அல்லது பட்டர் பேப்பர் போர்த்திய ஒரு விளக்கு, எதிர்ப்பக்கம் தெர்மாகோல். அவர் எப்படி உட்கார விரும்புகிறாரோ அப்படி.

இதற்கு இரண்டு காரணங்கள். பரிசோதனைப் படம் சேர்த்தது என்ன, தொலைத்தது என்ன என்று ஒப்பிட இது தேவை. தோல் நிறத்தைச் சரியாகப் பிடிக்கவும் இதுவே அளவுகோல். கருப்புத் துணிக்கு முன்னால் ஆட்டோ எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவைக் கேமராவே முடிவு செய்வது) பெரும்பாலும் ஏமாறும். ஃபிரேமில் கருப்பு நிறைய இருப்பதைப் பார்த்து, காட்சியே இருட்டு என்று எண்ணிப் படத்தை வெளுக்க வைக்கும். மாநிற முகமும் கறுத்த முகமும் சாயம் போனதுபோல் ஆகிவிடும். எனவே மேனுவலில் எடுங்கள், இல்லாவிட்டால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவு) −1 முதல் −1.5 வரை இறக்குங்கள். ஃபோனில் எடுப்பவர்கள் பியூட்டி மோடு, எச்.டி.ஆர்., நைட் மோடு மூன்றையும் அணைத்துவிட வேண்டும். ஒருவரின் அடையாளத்தைத் தேடும் படத்தில் அவருடைய நிறத்தை மாற்றிவிட்டால் மற்ற உழைப்பு எல்லாம் வீண்.

நேர்முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று, பின்னால் கட்டம் போட்ட திரை என்ற அமைப்பைத் தவிர்த்துவிடுங்கள். 1890களில் மாரிஸ் விடல் போர்ட்மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்தமான் பழங்குடியினரைக் கட்டம் போட்ட பின்னணியில் நிறுத்தி எடுத்தது மனித உடலை அளப்பதற்காக. அந்த அமைப்பு இன்றும் ஆளை ஒரு மாதிரிப் பொருளாகவே காட்டுகிறது. அதைக் கேள்வி கேட்பதற்காகவே பயன்படுத்தினால் வேறு விஷயம், அழகுக்காக வேண்டாம்.

5. ப்ரொஜெக்டர் முறை

மூன்றில் அதிகம் முயலப்படுவதும் அதிகம் கெடுவதும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஸ்லைடு தயாரிப்பு. முகத்தில் எவ்வளவு விவரம் விழும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். பொதுவான அலுவலக ப்ரொஜெக்டரை 1.5 மீட்டர் தூரத்தில் வைத்தால் சுமார் 1 மீட்டர் அகலத்துக்குப் படம் விழும். முகத்தின் அகலம் 15, 16 செ.மீ.தான். அதாவது 1024 பிக்சல் அகலமுள்ள ப்ரொஜெக்டரில் முகத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 160 பிக்சல், முழு எச்.டி. என்றாலும் 300 பிக்சல். ஒரு பக்கக் கடிதத்தை முழுதாக அனுப்பினால் முகத்தில் விழுவது எறும்பு வரிசைபோல் இருக்கும், ஒரு சொல்லும் படிக்க வராது.

ஆகவே கடிதத்திலிருந்து மூன்று நான்கு சொற்களை மட்டும் வெட்டியெடுங்கள். கன்னத்தில் விழும்போது எழுத்தின் உயரம் குறைந்தது 2 செ.மீ. இருக்க வேண்டும். தமிழ் எழுத்தில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். தோலின் மென்மையில் அது கரைந்து, 'க்' என்பது 'க' ஆகிவிடும். மெல்லிய பேனா எழுத்தாக இருந்தால், ஸ்கேன் செய்த பிறகு கோடுகளை ஒன்றரை மடங்கு தடிமனாக்குங்கள், புள்ளிகளை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

வெளிர் பின்னணியில் கருப்பு எழுத்தா, கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தா? முதலாவதில் முகம் முழுக்க ஒளி விழுந்து, எழுத்து நிழலாகப் படியும், ஆள் தெரிவார். இரண்டாவதில் எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும்தான் முகம் இருக்கும். முதலாவதோடு தொடங்குங்கள். பின்னணி தூய வெள்ளையாக இல்லாமல் 70 விழுக்காடு வெளிச்சமுள்ள வெளிர் சாம்பலாக இருந்தால் தோலின் விவரம் தங்கும். இரண்டாவதைப் பயன்படுத்தினால், எழுத்து ஒளியைவிட மூன்று ஸ்டாப் குறைந்த (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும்) ஒரு நிரப்பு ஒளி வையுங்கள். இல்லாவிட்டால் தலை எங்கே முடிகிறது என்றே தெரியாது.

ஸ்லைடில் கண்கள் வரும் இடத்தைக் கருப்பால் மறைத்து இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரொஜெக்டர் ஒளியை நேராகப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு, அதோடு கூசும் கண் சுருங்கி முகபாவத்தையே மாற்றிவிடும். முழுக் கருப்பு ஸ்லைடு ஒன்றும் வேண்டும். படமெடுக்காத நேரமெல்லாம் அதையே ஓடவிடுங்கள்.

இடம். பின்னணித் துணிக்கும் நாற்காலிக்கும் 1.5 முதல் 2 மீட்டர் இடைவெளி விடுங்கள். ப்ரொஜெக்டர் காட்டும் கருப்பு உண்மையான கருப்பு அல்ல, சாம்பல் ஒளி கசிந்துகொண்டே இருக்கும். ஆள் துணியை ஒட்டி உட்கார்ந்தால் எழுத்து பின்னாலும் விழும், மங்கலான ஒரு சதுரமும் தெரியும். ப்ரொஜெக்டரைக் கேமராவுக்குப் பக்கவாட்டில் 25, 30 பாகைக் கோணத்தில் முகத்தின் உயரத்துக்கு வையுங்கள். அதற்கு மேல் கோணம் கூடினால் எழுத்து காதுப்பக்கம் இழுபட்டு வழியும். ஒளி வராத பக்கத்தில் மூக்கின் நிழல் விழுந்து எழுத்து அறுபடும். அந்தப் பாதியை இருட்டாகவே விட்டுவிடுவது பெரும்பாலும் நல்லது.

ஃபோகஸ். இங்கே இரண்டு ஃபோகஸ் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ப்ரொஜெக்டரைச் சுவரில் தெளிவாக்கிவிட்டு முன்னால் ஆளை உட்கார வைத்தால், முகத்தில் விழும் எழுத்து மங்கலாகத்தான் இருக்கும். அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளை அட்டையைக் கன்னத்தை ஒட்டிப் பிடித்து அதில் எழுத்து கூர்மையாகும்வரை ப்ரொஜெக்டர் லென்ஸைத் திருகுங்கள். பிறகு அட்டையை எடுத்துவிட்டுக் கேமராவை அருகிலுள்ள கண்ணின் இமையில் ஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றிப் பூட்டுங்கள். ஆட்டோ ஃபோகஸை அப்படியே விட்டால் ஒவ்வொரு முறையும் எழுத்தின் விளிம்பைத் துரத்தும்.

அபர்ச்சரை (லென்ஸின் துளை அளவு) எஃப் 5.6-க்குக் கொண்டுபோங்கள். ஏ.பி.எஸ்.-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸோடு 1.5 மீட்டர் தள்ளி நின்றால் எஃப் 5.6-ல் சுமார் 20 செ.மீ. ஆழம் கிடைக்கும், மூக்கிலிருந்து காதுவரை தெளிவு. எஃப் 1.8-ல் ஆறேழு செ.மீ.தான். கண் தெளிவாக இருக்கும், நெற்றியோரத்து எழுத்து பஞ்சாகிவிடும்.

ஷட்டர். நுண்ணிய கண்ணாடிகளால் படத்தைக் காட்டும் டி.எல்.பி. வகை ப்ரொஜெக்டர்கள் பலவற்றுக்குள் நிறச்சக்கரம் ஒன்று சுழல்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வருகின்றன, நம் கண் அவற்றைச் சேர்த்துப் பார்க்கிறது. 1/250 விநாடி ஷட்டரில் எடுத்தால் கேமரா அதில் ஒரு துண்டை மட்டும் பிடிக்கும், முகத்தில் நிறப்பட்டைகள் வரும். 1/60-ல் தொடங்குங்கள், பட்டை இன்னும் தெரிந்தால் 1/30. எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கல் ஷட்டரைப் பயன்படுத்துங்கள். 1/30-ல் ஆள் அசைந்தால் மங்கும் என்பதால் நாற்காலியில் முதுகு சாய்ந்து, மூச்சை வெளியே விட்டு முடித்த நொடியில் எடுங்கள்.

தொடக்க அளவுகள்: வெளிச்சம் நன்றாக உள்ள அலுவலக ப்ரொஜெக்டருக்கு ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 400, எஃப் 5.6, 1/60. சிறிய எல்.ஈ.டி. ப்ரொஜெக்டருக்கு ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 4, 1/30. ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரம் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் ஷட்டரைத் தொடாமல் ஐ.எஸ்.ஓ.வை இறக்குங்கள்.

ப்ரொஜெக்டர் ஒளி பெரும்பாலும் நீலம் தூக்கலாக இருக்கும். வெள்ளை ஸ்லைடு ஓடவிட்டு, அட்டையை முகத்துக்கு நேரே பிடித்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் (இந்த ஒளியில் எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டுவது) எடுத்துவிட்டால், நான்காம் படியில் பிடித்த நிறத்துக்குக் கிட்டே வரலாம்.

கடைசியாகச் சில சிறு விஷயங்கள். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் மின்னினால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், மின்னும் இடத்தில் எழுத்து விழாது. கட்டம் போட்ட சட்டையும் பூப்போட்ட புடவையும் எழுத்தோடு சண்டை போடும், ஒற்றை நிறத்தில் அடர்த்தியான துணி நல்லது. மூக்குக்கண்ணாடி அவருடைய முகத்தின் பாகம் என்றால் கழற்றச் சொல்லாதீர்கள். காதுப்பக்கத்துக் கம்பியை அரை செ.மீ. உயர்த்தினால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து ஒளி தெறிப்பது நின்றுவிடும். மின்சாரம் போய்வரும் ஊர் என்றால் யு.பி.எஸ். வையுங்கள், விளக்கு வகை ப்ரொஜெக்டர்கள் விசிறி ஓடாமல் திடீரென்று அணைவது விளக்குக்கு நல்லதல்ல.

6. நீண்ட ஷட்டர் முறை

அறை இருட்டு, கேமரா ட்ரைபாடில், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஷட்டர் 6 விநாடி. ஷட்டர் திறந்திருக்கும்போது டார்ச் ஒளி விழும் இடம் மட்டுமே படத்தில் பதியும். முதல் 3 விநாடி இடப்பக்கம் திரும்பிய முகத்துக்கு, அடுத்த 3 விநாடி நேர்முகத்துக்கு. டார்ச்சில் பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாகச் சுற்றி, ஆளிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

படத்தின் பொருளையே மாற்றும் ஒரு முடிவு இங்கே இருக்கிறது. தலை திரும்பும்போது டார்ச்சைக் கையால் மூடினால் இரண்டு முகங்களும் தனித்தனியாக, கூர்மையாக நிற்கும். மூடாவிட்டால் நடுவில் ஒரு புகைத்தடம் வரும். "வீட்டில் ஒரு பெயர், வேலையில் ஒரு பெயர்" என்பவர் இரண்டையும் கலக்காமல் வாழ்கிறார் என்றால் மூடுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த நேரம்தான் அவருக்குச் சிக்கல் என்றால் மூடாதீர்கள். இதை அவரிடமே கேட்டு முடிவெடுங்கள்.

விளக்கை அணைக்கும் முன் நான்கைந்து முறை ஒத்திகை பாருங்கள். இரண்டு நிலைகளிலும் பார்வை எங்கே நிற்க வேண்டும் என்பதற்குச் சுவரில் கண் உயரத்தில் டேப் ஒட்டுங்கள். இருட்டில் டேப் தெரியாது, ஆனால் கழுத்து அந்த இடத்தை நினைவில் வைத்திருக்கும். நீங்கள் சத்தமாக எண்ணுங்கள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, திரும்புங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு." அமைதியாக எடுத்தால் எப்போது திரும்புவது என்ற தவிப்பு முகத்தில் பதிந்துவிடும். கண் சிமிட்டினால் பரவாயில்லை, விழி உருண்டால்தான் கெடும்.

கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமரா இன்னொரு 6 விநாடி இருட்டைப் பதிந்துகொண்டிருக்கும். அவர் மனநிலை கலைந்துவிடும். ட்ரைபாடில் இருக்கும்போது கை அசைவைச் சமன்செய்யும் இமேஜ் ஸ்டெபிலைசேஷனும் வேண்டாம்.

ஒரு முகம் மங்கலாகவும் இன்னொன்று அழுத்தமாகவும் வந்தால் நேரம் சரியாகப் பிரியவில்லை என்று பொருள். தலைக்குப் பின்னால் இருக்கும் பொருள் முகத்தின் வழியாகத் தெரிந்தால் டார்ச் பின்னணியைத் தொட்டுவிட்டது, பக்கவாட்டுக் கோணத்தைக் கூட்டுங்கள். கறுத்த முடி கருப்புத் துணியில் கரைந்துபோனால் கடைசி ஒரு விநாடி டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து தோள்மேல் காட்டி விளிம்பைப் பிடியுங்கள். அப்போது டார்ச்சின் வாய் கேமராவைப் பார்க்கக்கூடாது.

7. டபுள் எக்ஸ்போஷர் முறை

முதல் படத்தில் கருப்பாக இருக்கும் இடத்தில்தான் இரண்டாவது படம் குடியேறும். வெள்ளையாக இருக்கும் இடத்தில் எதுவும் ஒட்டாது. இந்த ஒரு விதி புரிந்தால் போதும், மீதி எல்லாம் இதிலிருந்து வரும்.

கேமராவிலேயே மல்டிபிள் எக்ஸ்போஷர் (பல பதிவுகளை ஒரே படமாக்கும் வசதி) இருந்தால் அதில் அடிட்டிவ், ஆவரேஜ் என்று வகைகள் இருக்கும். அடிட்டிவ் என்றால் ஒளி அப்படியே கூடும். இரண்டு படங்களுக்கு ஒவ்வொன்றையும் 1 ஸ்டாப் குறைத்தும், நான்கு என்றால் 2 ஸ்டாப் குறைத்தும் எடுக்க வேண்டும். ஆவரேஜ் என்றால் கேமராவே குறைத்துக்கொள்ளும், நீங்களும் குறைத்தால் இருண்டுவிடும். கேமராவில் வசதி இல்லையென்றால் தனித்தனியாக எடுத்து, இலவச மென்பொருளான ஜிம்ப்பில் இரண்டு லேயராக வைத்து மேல் லேயரை ஒளியைக் கூட்டிச் சேர்க்கும் ஸ்க்ரீன் மோடுக்கு மாற்றுங்கள். வேலை அதேதான்.

அம்மா–மகள், அண்ணன்–தம்பி என்று இருவரைச் சேர்க்கும்போது ட்ரைபாட், நாற்காலி, விளக்கு, லென்ஸ் எதையும் அசைக்காதீர்கள். ஆள் மட்டும் மாற வேண்டும். உயரம் மாறினால் நாற்காலியில் தலையணை போட்டுச் சரிசெய்யுங்கள், கேமராவை இறக்கினால் முகத்தின் கோணமே மாறிவிடும். வியூஃபைண்டரில் கட்டக்கோடுகளைப் போட்டு, முதல் ஆளின் கண் எந்தக் கோட்டில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கண்களையும் பொருத்தினால் யாருடையதும் அல்லாத ஒரு மூன்றாவது முகம் வரும். எதையும் பொருத்தாவிட்டால் வெறும் குவியல். ஒரு கண்ணை மட்டும் பொருத்துங்கள். அங்கே இருவரும் சேர்கிறார்கள், மற்ற இடங்களில் தாடை, காது, மூக்குத்தி என்று பிரிந்து தெரிவார்கள். "கண்ணாடியில் அம்மா தெரிகிறார்" என்ற வாக்கியத்துக்கு அந்த ஒரு கண்ணே போதும்.

சேர்த்த பிறகு தோல் நிறத்தை நான்காம் படியின் படத்தோடு ஒப்பிடுங்கள். ஒளி கூடுவதால் முகம் வெளுப்பது இந்த முறையின் இயல்பு. மென்பொருளில் வெளிச்சத்தைத் திருத்தும் கர்வ்ஸில் நடுப்பகுதியை இறக்கிப் பழைய நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

8. படமெடுக்கும்போது அவரிடம் என்ன சொல்வது

முகபாவத்துக்கு உத்தரவு போடாதீர்கள். "சோகமாக இருங்கள்" என்றால் நடிப்பு வரும். செயலைச் சொல்லுங்கள்: "வீட்டில் கூப்பிடும் பெயரை மனசுக்குள் சொல்லுங்கள், முடிந்ததும் திரும்புங்கள்."

கேமரா திரையை ஒவ்வொரு படத்துக்கும் காட்டாதீர்கள். இரண்டாவது முறை காட்டியதிலிருந்து அவர் தனக்குப் பிடித்த கோணத்தை மட்டும் கொடுக்கத் தொடங்குவார். சாதாரணப் படத்தைக் காட்டுங்கள், முறை புரிய முதல் பரிசோதனைப் படத்தைக் காட்டுங்கள், பிறகு முடியும்வரை வேண்டாம். நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்திவிட வேண்டும். இருட்டறையில் உட்கார்ந்து தன்னைப் பற்றியே நினைப்பது எல்லாருக்கும் எளிதல்ல. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கைப் போட்டு, டீ குடித்துவிட்டுத் தொடருங்கள்.

9. தேர்வு

அன்றிரவே தேர்ந்தெடுத்தால் எடுக்கச் சிரமப்பட்ட படத்தைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள். இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். பிறகு இருபது படங்களை லேபில் கொடுத்து 4×6 அளவில் சாதாரண பிரிண்ட் போட்டு, மேஜைமேல் பரப்புங்கள். திரையில் பளிச்சென்று ஈர்த்த உத்திகள் தாளில் அடங்கிவிடும், முகம் பேசும் படங்கள் மேலே வரும்.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு சோதனை. உத்தியை நீக்கிவிட்டாலும் அந்த முகத்தைப் பார்க்கத் தோன்றுமா? முதல் படியில் எழுதிய வாக்கியத்தைத் தெரியாதவர் அதற்குக் கிட்டத்தட்ட எதையாவது உணர்வாரா? இரண்டாவதற்கு நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள், விளக்கம் சொல்லாமல். "எப்படி எடுத்தே?" என்பது முதல் கேள்வியாக வந்தால் உத்தி மிஞ்சிவிட்டது. "யார் இவங்க?" என்று கேட்டால் படம் நிற்கிறது.

அதே இருபதையும் படத்தில் இருப்பவரிடம் தனியாகக் கொடுத்து அவரையும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உங்கள் தேர்வும் அவர் தேர்வும் வேறுபடும் இடத்தில் பேசுங்கள். அவர் வேண்டாம் என்று ஒதுக்கியது எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் வெளியே போகக்கூடாது.

தொடராகக் காட்டுவதென்றால் ஒருவருக்கு ஐந்திலிருந்து ஏழு படங்கள். சாதாரணப் படத்தைத் தொடக்கத்திலோ நடுவிலோ வையுங்கள், பார்ப்பவருக்கு ஒரு பிடிமானம் வேண்டும்.

10. பிரிண்ட், பெயர், கோப்புகள்

இருட்டான படங்கள் திரையைவிடத் தாளில் இன்னும் இருண்டே வரும். முழு அளவில் போடும் முன் முகம் வரும் பகுதியை மட்டும் வெட்டி, அதே தாளில் மூன்று வெளிச்ச அளவுகளில் டெஸ்ட் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். மேட் தாள் நல்லது. பளபளப்பான தாளில் கருப்புப் பரப்பு கண்ணாடியாகி, பார்ப்பவருக்குத் தன் முகமே தெரியும்.

படத்துக்கு அடியில் என்ன பெயர் வர வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும். இரண்டு பெயர் உள்ளவரின் படத்தில் ஆவணப் பெயரை நாமாக எழுதிவிட்டால், படம் கேட்ட கேள்விக்கு நாமே பதில் எழுதியதாகிவிடும். ஒரு பிரிண்ட் அவருக்கு, செலவு உங்களுடையது.

ரா ஃபைல்கள், ஸ்லைடுகள், ஒப்புதல் தாளின் ஸ்கேன், அளவுகளும் விளக்குகள் இருந்த இடங்களும் குறித்த வரைபடம் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு இரண்டு இடங்களில் வையுங்கள். எண்களை அழிக்காத ஆவண ஸ்கேன்கள் மட்டும் அதில் இருக்கக்கூடாது. அவற்றை நீக்கிவிட்டு, நீக்கியதை அவருக்கும் சொல்லிவிடுங்கள்.